வெளுத்துப்போன ஈ.சி.ஜி.யும் தமிழில் வராத படிவமும்

பிளாஸ்டிக் கவரிலிருந்து அந்த ஈ.சி.ஜி. தாளை உருவி மேஜைமேல் வைத்தேன். இளஞ்சிவப்புக் கட்டம் மட்டும் இருந்தது. கோடு இல்லை. ஓரத்தில் பேனாவால் எழுதிய அப்பாவின் பெயர் அப்படியே இருந்தது, அவருடைய இதயம் ஓடிய தடம் மட்டும் காணோம். புது மருந்து ஒன்றை நோயாளிகளிடம் சோதிக்கும் ட்ரையலில் அப்பாவைச் சேர்க்க அந்தத் தாள்தான் ஆதாரம். அந்த ட்ரையலின் கோஆர்டினேட்டர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்லையே மேடம்" என்றார். பாலக்கோட்டிலிருந்து விடியற்காலை நாலரைக்கு அப்பாவைக் கிளப்பி, ராயக்கோட்டை, ஓசூர் என்று பஸ் மாறி, சில்க் போர்டு நெரிசலில் ஒரு மணி நேரம் நின்று பெங்களூரு போனது இந்த ஒரு வரியைக் கேட்கத்தான்.

அந்தக் கவரை வாங்கியது நான்தான், பத்திரமாக இருக்கட்டுமென்று. ஈ.சி.ஜி. தாள் சூட்டில் எழுத்து விழும் தாள். பிளாஸ்டிக் கவருக்குள்ளே மாதக்கணக்கில் கிடந்தால் கோடு மங்கி மறைந்துவிடும். இதை அன்றுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒரு தாள் இருந்தால் இன்றைக்கே வெளியே எடுத்து ஜெராக்ஸ் போடுங்கள், போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

அந்தத் தாள் ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். போன மாசியில் தக்காளி மண்டியில் கூடை எண்ணிக்கொண்டு நின்றபோதே அப்பாவுக்கு வலது கை தொங்கிவிட்டது. ஸ்ட்ரோக். பேச்சு ஒரு வாரத்தில் திரும்பியது, கை முழுசாகத் திரும்பவில்லை. காரணம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள். இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும், அதனால் ரத்தம் தேங்கி உறையும், அந்தக் கட்டி கிளம்பிப் போய் மூளை ரத்தக் குழாயை அடைக்கும். இந்தத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு ஸ்ட்ரோக் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. அப்பாவுக்கு அது விட்டு விட்டு வரும் வகை. இன்றைக்கு ஈ.சி.ஜி. எடுத்தால் சுத்தமாக இருக்கும். ஸ்ட்ரோக் வந்த ராத்திரி எடுத்த தாளில்தான் அது பிடிபட்டிருந்தது.

ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை கொடுத்திருந்தார்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஒரு வாரம் முருங்கைக்கீரை அதிகமானால் இறங்கும், வேறொரு மாத்திரை சேர்ந்தால் ஏறும். ஒருமுறை மூக்கில் ரத்தம் நிற்காமல் தர்மபுரிக்கு ஓடினோம். அப்போதுதான் அப்பாவைப் பார்க்கும் இதய டாக்டர் இந்த ட்ரையல் பற்றிச் சொன்னார். ரத்தம் உறைவதற்கு வேண்டிய பொருட்களில் பதினொன்றாம் காரணி என்று ஒன்று உண்டு. பிறவியிலேயே அது குறைவாக இருப்பவர்களுக்குப் பெரிய ரத்தக்கசிவு அதிகம் வருவதில்லை, ஸ்ட்ரோக்கும் குறைவாகத்தான் வருகிறது. அதை மட்டும் மருந்தால் அடக்கினால் கட்டியும் சேராது, ரத்தமும் கொட்டாது என்பது நம்பிக்கை. அதைச் சோதிக்கத்தான் ட்ரையல்.

சரி, தாள் போய்விட்டது, முதலில் சேர்த்த தனியார் ஆஸ்பத்திரியில் நகல் கேட்போம் என்று போனேன். ரெக்கார்ட் செக்ஷனில் இருந்தவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "டிஸ்சார்ஜ் சம்மரி கொடுத்தாச்சுல்ல, அவ்ளோதான்." சம்மரியில் இதயத் துடிப்புப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் போனால் டாக்டர் லீவு. அதற்கு மறுநாள் போனால் சாவி வைத்திருப்பவர் லீவு. ஓசூரில் கம்பெனி வேலை எனக்கு, போகாத நாளெல்லாம் சம்பளம் பிடித்தம்.

கடைசியில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தேன். நோயாளியோ அவர் சார்பில் வந்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002 விதிமுறையில் இருக்கிறது. அந்த வரியை அப்படியே எழுதி, இன்னொரு பிரதியில் தேதியும் சீலும் போட்டுத் தரச் சொன்னேன். அதுவரை உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். மூன்றாம் நாள் கேஸ் ஷீட் வந்தது. உள்ளே ஒரு ஸ்டாஃப் நர்ஸ் அந்த ராத்திரி எடுத்த இன்னொரு ஈ.சி.ஜி.யைக் காகிதத்தில் கோந்து போட்டு ஒட்டி வைத்திருந்தார். கோடு பழுப்பாக, ஆனால் தெளிவாக இருந்தது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி ஒன்றுபோல் இல்லை. அந்த நர்ஸ் யாரென்று தெரியாது, நன்றாக இருக்கட்டும்.

அடுத்து, படிவம். முதல் நாளே ஒப்புதல் படிவத்தைக் கையில் கொடுத்திருந்தார்கள். இருபது பக்கத்துக்கு மேல். ஒன்று கன்னடம், ஒன்று ஆங்கிலம். "நீங்க படிச்சுச் சொல்லிடுங்க, அப்பா கைநாட்டு வச்சுடட்டும்" என்றார் கோஆர்டினேட்டர். அப்பா எட்டாவது வரை படித்தவர், தினம் பேப்பர் படிக்கிறவர். "எனக்குப் புரியாத தாள்ல நான் எதுக்குக் கைநாட்டு வைக்கணும்?" என்றார். அவருக்குப் புரியும் மொழியில் படிவம் தர வேண்டியது அவர்கள் கடமை. தமிழ்ப் படிவம் வேண்டும் என்று கேட்டதற்கு, மொழிபெயர்த்து, ட்ரையலில் சேருபவர்களின் நலனைப் பார்க்கும் எதிக்ஸ் கமிட்டியிடம் அனுமதி வாங்க வேண்டும், நாளாகும், அதற்குள் இடம் நிரம்பிவிடும் என்றார்கள். கொஞ்சம் மிரட்டல் மாதிரியே இருந்தது.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் எதிக்ஸ் கமிட்டியின் போன் நம்பர் இருக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. 2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, அந்தக் கமிட்டியில் குறைந்தது ஏழு பேர், அதில் பாதிப்பேர் ஆஸ்பத்திரிக்குச் சம்பந்தமில்லாதவர்கள், ஒரு சாதாரணப் பொதுஜனமும் இருக்க வேண்டும். நான் போன் செய்தேன். எடுத்த அம்மா பொறுமையாகக் கேட்டார், எழுதி அனுப்பச் சொன்னார். மூன்று வாரத்தில் தமிழ்ப் படிவம் வந்தது.

வந்த தமிழ்தான் அடுத்த தலைவலி. "இரட்டைக் குருட்டு ஆய்வு", "போலி மருந்து". அப்பா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "போலி மருந்தா? டூப்ளிகேட் மாத்திரைக்கா பாப்பா இவ்ளோ தூரம் வர்றோம்?" அவர் பயந்தது நியாயம். நம் ஊரில் போலி மருந்து என்றால் போலீஸ் கேஸ். வெற்று மாத்திரை என்று எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும். இரண்டாம் தடவை போனபோது ட்ரையல் டாக்டரே உட்கார்ந்து விளக்கினார். இரண்டு குழு. ஒரு குழுவுக்குப் புது மருந்தும், ரத்தம் உறையாமல் தடுக்க ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள அபிக்சபான் என்ற மாத்திரை போலவே இருக்கும் வெற்று மாத்திரையும். இன்னொரு குழுவுக்கு நிஜ அபிக்சபானும், புது மருந்து போலவே இருக்கும் வெற்று மாத்திரையும். யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து இல்லாமல் யாரும் விடப்படுவதில்லை. அப்பா கேட்ட ஒரே கேள்வி: "ரெண்டுல ஒண்ணு நிச்சயம் வேலை செய்யுமா?" டாக்டர் பொய் சொல்லவில்லை. "அபிக்சபான் வேலை செய்யும்னு தெரியும். புதுசு அதுக்குச் சமமான்னு தெரியாது, அதுக்குத்தான் இது."

எனக்கு இன்னொரு பயம் இருந்தது. இதே பதினொன்றாம் காரணியை அடக்கும் அசண்டெக்ஸியன் என்ற மருந்தை இதே நோய்க்கு 14,000-க்கும் அதிகமானவர்களிடம் சோதித்து, 2023 நவம்பரில் பாதியில் நிறுத்தினார்கள். ரத்தக்கசிவு குறைந்தது, ஆனால் ஸ்ட்ரோக்கைத் தடுப்பதில் அபிக்சபானுக்குப் பின்தங்கிவிட்டது. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. டாக்டரிடம் நேராகவே கேட்டேன். தனியாக ஒரு குழு நடுநடுவே கணக்கைத் திறந்து பார்க்கும், ஒரு பக்கம் மோசமாகப் போனால் நிறுத்தச் சொல்லும், அங்கே நடந்தது அதுதான் என்றார். எப்போது வேண்டுமானாலும் நாம் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, வழக்கமான சிகிச்சை தொடரும் என்பதையும் படிவத்தில் விரல் வைத்துக் காட்டினார். அதற்குப் பிறகுதான் எனக்கு மனசு ஒப்பியது.

ஆனால் அந்த இரண்டாவது பயணமும் வீண்தான். "வழக்கமான மாத்திரை எல்லாம் போட்டுட்டு வாங்க" என்று போனில் சொல்லியிருந்தார்கள். போட்டுக்கொண்டு போனோம். ரத்தம் எடுத்தார்கள், ஐ.என்.ஆர். 3.1. அசிட்ரோமின் வேகம் இறங்கி 2-க்குக் கீழே வந்தால்தான் புது மாத்திரை தொடங்க முடியும், இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து ரத்தம் கொட்டும். இது அவர்களுக்குத் தெரியாத விஷயமா? முன்னாலேயே சொல்லியிருந்தால் தர்மபுரி லேபிலேயே பார்த்துவிட்டுக் கிளம்பியிருப்போம். ஒரு எச்சரிக்கை: இதைப் படித்துவிட்டு யாரும் நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஸ்ட்ரோக் வந்தவருக்கு அந்த இடைவெளிதான் ஆபத்து. எந்தத் தேதியில் நிறுத்தணும், எந்தத் தேதியில் ரத்தம் பார்க்கணும் என்று டாக்டர் கையால் எழுதி வாங்குங்கள். நாங்கள் அப்படி வாங்கினோம். நாலாம் நாள் தர்மபுரியில் பார்த்தபோது 1.7.

அந்த இடைப்பட்ட நாட்களில் அப்பா ஒரு வேலை செய்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. என் பையனின் பழைய கணக்கு நோட்டில், பின்பக்கமிருந்து, இடது கையால் கையெழுத்துப் போட்டுப் பழகியிருக்கிறார். முதல் பக்கத்தில் எழுத்துகள் படுத்துக் கிடந்தன. ஏழெட்டுப் பக்கம் தள்ளி நிற்க ஆரம்பித்திருந்தன. மூன்றாம் தடவை போனபோது கோஆர்டினேட்டர் மை டப்பாவை எடுத்து வைத்தார். அப்பா அதை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டார். கையெழுத்தும் தேதியும் போட்டு முடிக்க இரண்டு நிமிஷம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை. கையெழுத்தான படிவத்தின் ஒரு பிரதியை அங்கேயே கேட்டு வாங்கினேன். அது நம்முடையது, விட்டுவிட்டு வராதீர்கள்.

அதன் பிறகு எல்லாம் சுலபமாகப் போகிறது. காலையில் இரண்டு மாத்திரை, ராத்திரி ஒன்று. தீர்ந்த பட்டையையும் மீதியையும் திருப்பிக் கொண்டுபோக வேண்டும், எண்ணிப் பார்ப்பார்கள். அம்மா முதல் மாதம் காலிப் பட்டையைக் குப்பையில் போட்டுவிட்டார், அரைநாள் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. பஸ் செலவு தருகிறார்கள். டிக்கெட்டும் அதே சூட்டுத் தாள்தான், இறங்கியவுடன் படம் எடுத்துவிடுகிறேன்.

அவசரத்துக்கு ஒரு கார்டு கொடுத்திருக்கிறார்கள். இருபத்திநாலு மணி நேர நம்பர் அதில் இருக்கிறது, உயிருக்கு ஆபத்து என்றால் எந்த மருந்து உள்ளே இருக்கிறது என்று அப்போதே திறந்து சொல்வார்கள். அதுவும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும்தான். பின்பக்கம் நான் தமிழில் எழுதி ஒட்டினேன்: "ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறார். ஊசி, பல், ஆபரேஷன் எதுவானாலும் முதலில் இந்த நம்பருக்குப் பேசவும்."

போன வாரம் பல்வலி என்று அப்பா தனியாகவே பாலக்கோட்டில் பல் டாக்டரிடம் போயிருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து, தமிழ்ப் பக்கத்தை மேலே வைத்து நீட்டியிருக்கிறார். அந்த டாக்டர் அன்றைக்குப் பல்லைத் தொடவில்லை. நம்பருக்குப் பேசி, ஐந்து நாள் தள்ளித் தேதி வாங்கிக்கொண்டு, நேற்று எடுத்தார். பஞ்சைக் கடித்தபடி அப்பா வீட்டுக்கு வந்தார். அரை மணி நேரத்தில் ரத்தம் நின்றுவிட்டது.