சைரனும் தீர்க்கதரிசியும்

பெப்ரவரி மாதத்து முதல் புதன்கிழமை, பகல் ஒன்றரை மணிக்குச் சுவிட்சர்லாந்து முழுக்கச் சைரன் அடிக்கும். பரிசோதனைதான். வானொலியில் முன்கூட்டியே சொல்வார்கள், பத்திரிகையிலும் போடுவார்கள். டொச், அதாவது ஜெர்மன் மொழி, ஒரு சொல்லும் தெரியாமல் வந்திறங்கிய முதல் குளிர்காலத்தில் எனக்கு யார் சொல்வது? ஒரு நிமிடம் ஏறி இறங்கி அது ஊளையிட்டபோது வெங்காயத்தையும் கத்தியையும் போட்டுவிட்டுக் குசினி மேசைக்குக் கீழே புகுந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் தலையை நீட்டி ஜன்னலால் பார்த்தால், பக்கத்து வீட்டுக் கிழவி நாயோடு நடந்து போகிறார். நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதைவிட அதிசயம் எங்கள் மாடிவீட்டின் நிலவறை. தடித்த கொங்கிரீட் சுவர், ஒரு சாண் கனத்தில் கதவு. பங்கர்! சண்டையே நடக்காத நாட்டில் எத்தனையோ கட்டிடங்களுக்கு அடியில் இப்படி ஒன்று இருக்கிறது. ஊரில் நாங்கள் முற்றத்தில் கிடங்கு வெட்டி, தென்னங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு மூடியதுதான் பங்கர். மழை பெய்தால் முதலில் குடியேறுவது தேரை. ஷெல்லுக்குப் பயந்து இறங்கினால் அம்மம்மா பாம்புக்குப் பயந்து ஏறிவிடுவார். இங்கே அந்த அறைக்குள் பனிச்சறுக்குக் கட்டைகளும் வைன் போத்தல்களும் இருக்கின்றன. எங்கள் பங்குக்கு ஒரு மூட்டை சம்பா அரிசி. எங்கள் பரம்பரையிலேயே இவ்வளவு பாதுகாப்பாக இருந்தது அந்த அரிசிதான்.

சரி, இப்போது எல்லாம் பழகிவிட்டது. சைரன் அடித்தால் கைக்கடிகாரத்தைச் சரிபார்க்கிறேன். பழகாதது ஒன்றுதான்: தொலைபேசியில் வரும் தீர்க்கதரிசனம்.

நாங்கள் கத்தோலிக்கர். ஆனால் இங்கே எங்கள் பக்கத்தில் தமிழ்ப் பூசை மாதத்தில் ஒருநாள்தான். மற்ற ஞாயிறுகளில் தமிழில் ஒரு பாட்டுக் கேட்டால் போதும் என்று வாடகை மண்டபத்தில் நடக்கும் ஜெபக்கூட்டத்துக்குப் போகத் தொடங்கினோம். குறை சொல்ல மாட்டேன். அகதி விசாரணைக்குக் கூடவே வந்தவர்கள் அவர்கள். பழைய கட்டிலும் குளிர்ச் சட்டையும் தந்தவர்கள். கூட்டம் முடிந்தால் ரோல்ஸும் பிளேன்ரீயும் உண்டு. மறுகாதான் வெளியூரிலிருந்து தீர்க்கதரிசி என்று ஒருவர் வந்தார். ஆள் போனபிறகும் அவர் குரல் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருந்தது. "உங்கள் வீட்டு மூத்த பிள்ளைக்கு இந்த மாதம் ஒரு கண்டம் காண்கிறேன். பயணத்தில் ஆபத்து." ஊரில் சாத்திரக்காரர் சொன்னதும் இதே கண்டம்தான். அவர் பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னார், இவர் கண்ணை மூடிச் சொல்கிறார். பரிகாரத்துக்குப் பெயர் இங்கே விசேஷ காணிக்கை.

எங்கள் மூத்தவனுக்கு அந்த மாதம் பள்ளிக்கூடத்தோடு பனிச்சறுக்கு முகாம். மலையில் ஒரு கிழமை. சம்மதக் கடிதத்தில் எப்போதோ கையெழுத்துப் போட்டாயிற்று. குரலைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் முகம் வெளிறிப் போனது. "ஒரு கிழமைதானே, போகாட்டி என்ன?" எனக்கும் நெஞ்சு அடித்தது. பயந்து வளர்ந்த ஆட்களுக்குப் பயம் காட்டுவது எவ்வளவு சுலபம்! அதைத் தெரிந்துகொண்டு வேதத்தை விரித்து வைத்துச் செய்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மட்டக்களப்பில் எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லித்தந்த குருவானவர் ஒரு யேசு சபைக்காரர். அந்தச் சபையை நிறுவிய இஞ்ஞாசியார் 1521இல் பம்பலோனா கோட்டைச் சண்டையில் கால் உடைந்து, பிறகு படுத்த படுக்கையாகக் கிடந்த கதையை அடிக்கடி சொல்வார். வீரதீரக் கனவு கண்டால் அந்த நேரம் இனிக்கும், பிறகு மனம் வறண்டுவிடும். புனிதர்களைப் போல வாழ நினைத்தால் அந்த நிறைவு பிறகும் மனதில் நிற்கும். இந்த வித்தியாசத்தைக் கவனித்ததிலிருந்துதான் அந்த மனுஷனுக்குத் தெளிந்து தேர்தல், அதாவது எந்த எண்ணம் கடவுளிடமிருந்து வருகிறது என்று பிரித்தறிவது, தொடங்கியதாம். கடவுளை நோக்கி நடக்கிறவனிடம் நல்ல ஆவி பஞ்சில் நீர் இறங்குவதுபோல வரும், கெட்ட ஆவி கல்லில் விழும் நீர்போலச் சத்தத்தோடு வரும் என்று இஞ்ஞாசியார் எழுதியிருப்பதையும் சொல்வார். கலங்கிய நேரத்தில், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே என்பது இன்னொரு விதி. குருவானவர் அதைத் தன் பாணியில் சொன்னார்: "பயம் வரட்டும். வந்த உடனே அதுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுக்காத."

அவர் சும்மா சொன்னதில்லை. அதே சபையைச் சேர்ந்த அமெரிக்கக் குருவானவர் யூஜின் ஹேபர்ட் 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமல் போனவர். அதன் பிறகும் அந்தச் சபைக் குருமார் அதே ரோட்டில் போய்வந்தார்கள்.

இதையெல்லாம் நினைக்கும்போது 2019 ஏப்ரல் 21ம் வந்துவிடுகிறது. ஈஸ்டர் ஞாயிறு, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம். ஞாயிறு பள்ளி முடிந்து பிள்ளைகள் நின்ற நேரம், பையோடு வந்த அந்நியனை ரமேஷ் ராஜு என்பவர் விசாரித்தார். பைக்குள் கமரா, படம் எடுக்க வந்தேன் என்றானாம். பதில் பொருந்தவில்லை. அனுமதி இல்லாமல் முடியாது என்று உள்ளே விடாமல் மறித்தார். குண்டு வெளியே வெடித்தது. அவரும் போனார், பிள்ளைகளும் போனார்கள். உள்ளே நிறைந்திருந்த சனம் தப்பியது. அவருக்கு எந்தக் குரலும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கண்ணால் பார்த்தார், கேள்வி கேட்டார், வந்த பதிலை நிறுத்துப் பார்த்தார்.

நானும் கேட்டேன். அந்தத் தீர்க்கதரிசிக்குப் போன் எடுத்து, "ஐயா, எந்தப் பிள்ளை, எங்க போற பயணம்?" என்றேன். "சகோதரி, ஆவியானவரைச் சோதிக்கக் கூடாது" என்று குரல் ஏறியது. ஆவிகளைச் சோதித்தறியச் சொல்லி யோவான் எழுதியிருக்கிறாரே என்றேன். லைன் கட்டாகிவிட்டது. பிறகு கனடாவில் இருக்கும் மச்சாளுக்கு எடுத்தேன். "எனக்கும் வந்ததுகா! மூத்த பிள்ளை, கண்டம், பயணம். என்ர மூத்தவன் வீட்டை விட்டு வெளிக்கிடுறதே இல்ல, கேம் விளையாடுறான்." இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் இவர் அறையிலிருந்து எழும்பி வந்துவிட்டார்.

அன்று இரவு எந்த முடிவும் எடுக்கவில்லை. செபமாலை சொல்லிவிட்டுப் படுத்தோம். காலையில் முகாம் ஆசிரியைக்கு அழைத்து, தலைக்கவசம், வைத்தியர், எந்தச் சரிவில் விடுவார்கள் என்று எனக்குத் தெரிந்த டொச்சில் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். மூத்தவன் போனான். அந்தக் கிழமை முழுக்க எனக்கு நித்திரை இல்லை, அதை ஒளிக்கவில்லை.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது, ஏதாவது பெரிதாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "நல்ல வேலை செஞ்ச புள்ள. உந்தக் கதையெல்லாம் நம்பாத" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "நான் ஆயித்தியமலை மாதாவுக்கு அவன்ர உயரத்துக்கு மெழுகுதிரி நேந்திருக்கன். செப்டெம்பர் திருவிழாக்கு முதல் காசு அனுப்பு. அவன் இப்ப என்ன உயரம்?" என்றார்.