வட்டி என்று ஒரு வரி

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஒரு வங்கிக் கிளையில் பல வருடம் கவுண்ட்டரில் இருந்தேன். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று வரிசையாகக் கடலோர ஊர்கள். இந்த ஊர் ஆண்கள் சுறாவும் சூரையும் தேடி ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். கொச்சியிலிருந்து படகை எடுத்தார்கள் என்றால் ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்துத்தான் கரை. அதனால் வங்கிக்கு வருவது பெரும்பாலும் பெண்கள். நகையை அடகு வைப்பது, மீட்பது, பிள்ளைகளின் காலேஜ் பீஸ் கட்டுவது எல்லாம் அவர்கள்தான்.

2017 நவம்பர் 29 இரவும் 30-ம் தேதியும் ஒக்கி புயல் அடித்தது. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா நடந்துகொண்டிருந்த நேரம். உள்நாட்டில் எங்கள் வீட்டுப் பக்கம் ரப்பரும் வாழையும் சாய்ந்து, பல நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். அதைப் பெரிய கஷ்டம் என்று நினைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். அங்கே போன பிறகு அதை யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. கடலுக்குப் போனவர்களைப் பற்றித் தகவல் இல்லை. லட்சத்தீவில் ஒதுங்கியிருக்கிறார்கள், மகாராஷ்டிராவில் கரையேறிவிட்டார்கள், குஜராத்தில் இருக்கிறார்கள் என்று தினம் ஒரு பேச்சு. அவற்றில் சில உண்மையாகவும் இருந்தன. ஆட்கள் திரும்பியும் வந்தார்கள். அதனாலேயே வராதவர்களின் வீடுகளில் யாராலும் எதையும் முடிவு செய்ய முடியவில்லை.

அந்த டிசம்பரில் ஒரு அக்கா செவ்வாய்க்கிழமை தோறும் வருவார். அந்தோனியார் நவநாள் செபத்துக்குக் கோயிலுக்குப் போய்விட்டு நேராக எங்கள் கவுண்ட்டருக்கு. காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருபவர் அந்தோனியார் அல்லவா? அவர் படம் ஒன்றை வீட்டுக்காரரின் பாஸ்புக்குக்குள் வைத்து, அதைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கொண்டுவருவார். படத்தை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு பாஸ்புக்கை மட்டும் நீட்டுவார். "எண்ட்ரி போட்டுத் தா மக்ளே."

பணம் எடுக்கவும் மாட்டார், போடவும் மாட்டார். மூன்றாவது வாரம்தான் எனக்குப் புரிந்தது. வீட்டுக்காரர் போகும்போது ஏடிஎம் கார்டைக் கொண்டுபோயிருந்தார். எங்கேயாவது கரையேறியிருந்தால், கையில் காசில்லாமல் ஏதோ ஓர் ஊரில் நூறோ இருநூறோ எடுத்திருப்பார் அல்லவா? அந்த ஒரு வரிக்காகத்தான் வந்துகொண்டிருந்தார்.

டிசம்பர் கடைசியில் பிரிண்டர் 'கிர்' என்று ஓடி ஒரு வரி விழுந்தது. சத்தத்தைக் கேட்டதும் அக்கா கண்ணாடித் தடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை விழும் வட்டி அது. இத்தனை வருட வேலையில் நான் சொன்னதிலேயே கனமான சொல் 'வட்டி'தான்.

அவர் அழவில்லை. படத்தை மறுபடியும் உள்ளே வைத்தார். அடுத்த செவ்வாயும் வந்தார்.

நான் சிஎஸ்ஐ சபை, புராட்டஸ்டன்ட். புனிதர்களிடம் வேண்டிக்கொள்வது எங்கள் வழக்கமில்லை. ஆனாலும் அந்த அக்காவைப் பார்த்தபின் மாற்கு 4-ம் அதிகாரத்தை வேறு மாதிரி படிக்க ஆரம்பித்தேன். புயலில் படகு நிறைகிறது, இயேசு படகின் பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். சீடர்கள் எழுப்பி, நாங்கள் சாகப்போகிறோமே, உமக்குக் கவலையில்லையா என்று கேட்கிறார்கள். அதை அவிசுவாசம் என்றே ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் கத்தினது அவரிடம்தானே? அவர் இருக்கிறார் என்று நம்பாதவன் எதற்கு அவரை உலுக்கி எழுப்பப் போகிறான்?

உடல் கிடைக்காமல் காணாமல் போனவரை இறந்தவர் என்று சட்டம் ஏற்க ஏழு வருடம் ஆக வேண்டும். ஒக்கிக்கு அரசு அதைத் தளர்த்தியது. 20 லட்சம் நிவாரணமும் கொடுத்தது. வீட்டுக்காரரின் கணக்கை முடிக்க அக்கா கிளெய்ம் பாரம் நிரப்ப வந்தபோது, 'இறந்த தேதி' என்ற இடத்தில் சான்றிதழைப் பார்த்து நான் எழுதிக்கொடுத்தேன். "இந்த நாளை யாரு பாத்தா மக்ளே?" என்று கேட்டார். கையெழுத்துப் போட்டார். என்னால் அன்று மதியம் சாப்பிட முடியவில்லை.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், என் தம்பிக்கு மூச்சுத் திணறல் வந்தது. ஒன்பது நாள் ஆக்சிஜனில் இருந்தான். யாரையும் உள்ளே விடவில்லை. போனில் வரும் அளவு 88, 91, 86 என்று மாறும்போதெல்லாம், பாஸ்புக்கை எட்டிப் பார்த்த அந்த முகம்தான் ஞாபகம் வரும். நானும் ஒரு வரிக்காகக் காத்திருந்தேன். பத்தாம் நாள் விடியற்காலை போய்விட்டான். வயது 34.

அதற்கப்புறம் என்னால் ஜெபம் பண்ண முடியவில்லை. சபையார் போன் செய்து, கர்த்தர் ஒரு நோக்கத்தோடுதான் செய்வார் என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள், ஆனால் போனை வைத்துவிடத் தோன்றியது. துக்கம் நடந்த வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருப்பதே நல்லது என்பது இன்றைக்கும் என் எண்ணம்.

ஊரடங்கு தளர்ந்ததும் அக்கா எப்படியோ விசாரித்து, இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்தார். கருவாட்டுப் பொட்டலம் ஒன்றை அம்மா கையில் கொடுத்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து செபமாலை முழுக்கச் சொன்னார். எங்களைச் சொல்லச் சொல்லவில்லை. ஐம்பத்து மூன்று மணியும் அவர் விரலில் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போதுதான், ஜெபம் வரவில்லை அக்கா, கோபம்தான் வருகிறது என்றேன்.

"நான் ரெண்டு வருசம் அவருகூட சண்டைதான் போட்டேன். நீயும் போடு. ஆனா பேசாம மட்டும் இருந்துராத மக்ளே."

தம்பி கணக்கை முடிக்க அம்மாவைக் கூட்டிக்கொண்டு இன்னொரு கிளைக்குப் போனேன். வாழ்க்கையில் முதல்முறையாகக் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் உட்கார்ந்து அந்தப் பாரத்தை நிரப்பினேன். எனக்குத் தேதி தெரியும், மணிகூடத் தெரியும். எழுதும்போது கை நடுங்கவில்லை. அன்று காலை ஐந்து மணிக்கே எழுந்து, கர்த்தரிடம் ஒரு மணி நேரம் சண்டை போட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன்.