இடது கை பிறந்த ஊர்

நியூ ஆர்லியன்ஸ் பியானோ கலைஞர் புரொஃபசர் லாங்ஹேர் வாசித்த ‘டிப்பிட்டினா’ பாடல் எனக்குக் கிடைத்தது தூத்துக்குடியில், கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா கொண்டுவந்த கேசட்டில். அப்போது டிரினிட்டி மேற்கத்திய இசைத் தேர்வுக்காக பாஹையும் மோசார்ட்டையும் சாதகம் செய்துகொண்டிருந்தேன். பியானோ இப்படியும் ஆடும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வலது கையில் திஸ்ரம் உருண்டோட, இடது கை எட்டு மாத்திரைகளை மூன்று, மூன்று, இரண்டாகப் பிரித்து ‘தகிட தகிட தக’ என்று விடாப்பிடியாக நின்றது. பிற்பாடு சென்னையில் கீபோர்டு கலைஞராகப் பல ஆண்டுகள் பிழைத்தேன். எதை வாசித்தாலும் மனத்துக்குள் அந்த இடது கை ஓடிக்கொண்டே இருந்தது. அது பிறந்த இடத்தைப் பார்க்கத்தான் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் போனேன்.

முதலில் காங்கோ சதுக்கம். லூயி ஆம்ஸ்ட்ராங் பூங்காவுக்குள், ஓக் மரங்களின் நிழலில் கல் பாவிய வெளி அது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே கூடி முரசு கொட்டி ஆடினார்கள். ஹவானாவிலிருந்து வந்த கப்பல்களோடு கியூபாவின் தாளங்களும் இந்தத் துறைமுகத்தில் இறங்கின. 1829இல் இந்நகரில் பிறந்த இசையமைப்பாளர் லூயி மோரோ காட்சால்க் இவற்றையெல்லாம் பியானோவுக்குக் கொண்டுவந்தார். அவருடைய ‘பம்பூலா’ என்ற பியானோ படைப்பை வாசித்தவர்களுக்கு அது தெரியும். ஸ்பானியச் சாயல் சேராவிட்டால் ஜாஸுக்கு உரிய ருசி வராது என்று இந்த ஊர் ஜாஸ் பியானோ கலைஞர் ஜெல்லி ரோல் மார்ட்டன் 1938இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கான ஒலிப்பதிவில் சொன்னார். அவர் சொன்ன சாயல்தான் என் ‘தகிட தகிட தக’.

பூங்காவுக்கு எதிரே, ராம்பார்ட் தெருவில், ஜே அண்ட் எம் ஒலிப்பதிவுக் கூடம் இருந்த கட்டடம் இருக்கிறது. பியானோ வாசித்துப் பாடிய ஃபேட்ஸ் டாமினோ 1949இல் ‘தி ஃபேட் மேன்’ பாடலைப் பதிவு செய்தது இங்கேதான். பின்னாளில் துணி துவைக்கும் கடையாகிவிட்டது. இந்த வாசலில் ஒரு நாள் முழுக்க நிற்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் எனக்குப் பாடம் நடந்தது நடுத்தெருவில். ட்ரெமே பகுதியில் ஞாயிற்றுக்கிழமை ‘செகண்ட் லைன்’ ஊர்வலம் ஒன்று கிளம்பியது. முன்னே பித்தளை வாத்தியக் குழு, பின்னே ஆடிக்கொண்டே ஊர். சாமி புறப்பாட்டில் தவிலுக்குப் பின்னால் போவதுபோல நானும் கலந்துகொண்டேன். பெரிய பேஸ் டிரம்மும், தோளில் சுற்றி மாட்டும் பெரிய பித்தளை ஊதுகருவியான சூசாஃபோனும் சேர்ந்து போட்ட நடை என் வயிற்றில் அதிர்ந்தது. ஒலிநாடாவில் ஒரே கையாகக் கேட்டது, இங்கே இரண்டு மூன்று ஆட்களின் வேலையாக நடந்து போய்க்கொண்டிருந்தது. இந்த ஊர்ப் பியானோக்காரர்கள் தெருவையே இடது கைக்குள் மடித்து வைத்துக்கொண்டவர்கள் என்பது நடந்து பார்த்தால்தான் புரிகிறது. உட்கார்ந்து சாதகம் செய்தவனுக்குப் பிடிபடாத அழுத்தம் எல்லாம் காலில் இருந்தது.

லாங்ஹேருக்கும் அது காலிலிருந்து வந்ததுதான். 1918இல் பிறந்த ஹென்றி ரோலண்ட் பேர்ட், சிறுவயதில் இந்தத் தெருக்களில் காசுக்காகக் காலடித் தாளம் போட்டு ஆடியவர். பியானோ வாசிக்கும்போதும் அதன் முன்பலகையைக் காலால் உதைத்துக்கொண்டே வாசிப்பார். 1960களில் வாய்ப்பு வறண்டு, ஒரு இசைத்தட்டுக் கடையில் தரை கூட்டினார். இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. 1971இல் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் விழா அவரை மறுபடி மேடையேற்றியது. 1977இல் ரசிகர்கள் சேர்ந்து அவருடைய பாடலின் பெயரிலேயே ‘டிப்பிட்டினாஸ்’ அரங்கைத் திறந்தார்கள். செயின்ட் சார்ல்ஸ் டிராமில் நெப்போலியன் அவென்யூவில் இறங்கி, ஆற்றுப் பக்கம் நெடுந்தூரம் நடந்தால் அதை அடையலாம். உள்ளே நுழைந்ததும் அவருடைய மார்பளவுச் சிலை வரவேற்கிறது. 1980இல் அவர் இறந்தார். அவருக்காகவே எழும்பிய அரங்கில் அவருக்குக் கிடைத்தது கடைசிச் சில ஆண்டுகள்தான்.

அதே டிராமில் மேலே போனால் ஓக் தெருவில் மேப்பிள் லீஃப். பியானோ கலைஞர் ஜேம்ஸ் புக்கர் வாசித்த மதுக்கூடம். ஷோப்பனையும் ப்ளூஸையும் ஒரே மூச்சில் வாசித்தவர். 43 வயதில், 1983இல் போய்விட்டார். லாங்ஹேர் இந்த மரபின் வேர் என்றால், அதன் முழு வளர்ச்சி புக்கர்தான் என்பேன். இதில் என்னோடு சண்டைக்கு வரும் நண்பர்கள் உண்டு. அவருடைய இடது கை கீழ்ஸ்தாயி பேஸையும், நடுவில் பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டுகளையும் சேர்த்தே தாங்கும், அதனால் வலது கைக்கு முழுச் சுதந்திரம். இந்தக் கூடத்தில் அவர் வாசித்தவற்றைத் தொகுத்த ‘ஸ்பைடர்ஸ் ஆன் தி கீஸ்’ என்ற ஆல்பம் இருக்கிறது. புதிதாகக் கேட்பவர்கள் லாங்ஹேரின் ‘டிப்பிட்டினா’வில் தொடங்கி, தாளம் உடம்பில் ஏறிய பிறகு இதற்கு வாருங்கள். நான் இப்போது அதன் இடது கையை மட்டும் தனியாகக் குறிப்பெடுத்து, வேகத்தைப் பாதியாக்கிச் சாதகம் செய்துகொண்டிருக்கிறேன்.