சரியாக ஐந்து நொடி

சர்வர் சிங்கப்பூரில், நான் மதுரையில். போன மாதம் முழுவதும் அதற்குள் நுழைய ஒவ்வொரு முறையும் பத்து நொடி பிடித்தது. கட்டளையை அடித்துவிட்டு அடுப்பில் வைத்த பாலைப் பார்க்கப் போவேன். பால் பொங்கிவிடும், இங்கே திரையில் ஒரு எழுத்தும் வந்திருக்காது.

சென்னை அலுவலகத்தில் சொன்னால், "உங்கள் ஊர் இணைப்புதான் சார் காரணம்" என்பார்கள். எதற்கெடுத்தாலும் இதே பதில். நானும் அதை நம்பி மோடத்தை இரண்டு முறை அணைத்துப் போட்டேன்.

ஒரு சிறு செய்தி போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளையை ஓட்டியபோதுதான் சந்தேகம் தட்டியது. 42 மில்லிநொடி. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்த் திரும்ப 30 மில்லிநொடியாவது ஆகத்தான் செய்யும். ஆக, இணைப்பின்மேல் குற்றமில்லை. உள்ளே போன பிறகு, கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை அடித்தால் கண்ணிமைக்கும் முன் பட்டியல் வந்தது. நிர்வாகி உரிமையோடு கட்டளையை ஓட்டும் சுடோவைப் போட்டு எதைச் செய்தாலும் மட்டும் திரை உறைந்து நின்றது. வழி மோசமென்றால் இரண்டும்தானே திணற வேண்டும்?

ஒன்றுமே செய்யாத 'ட்ரூ' கட்டளையை சுடோவில் ஓட்டி, டைம் கட்டளையால் அளந்தேன். மொத்தம் 5.02 நொடி. அதில் சிபியு உழைத்தது 0.02 நொடி. மீதி நேரமெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கிறது. மறுபடி ஓட்டினேன், 5.02. இன்னொரு முறை, 5.01. தூரமும் நெரிசலும் இப்படி அச்சுப் பிசகாத எண்ணைத் தராது. அவை ஏறும், இறங்கும். முழு எண்ணாக வந்து நிற்கும் தாமதம், ஏதோ ஒரு நிரலில் யாரோ வைத்த கெடு.

முழு உரிமை கொண்ட ரூட் பயனராக நுழைந்து, ஒரு நிரல் என்ன செய்கிறது என்று வரிவரியாகக் காட்டும் ஸ்ட்ரேஸை சுடோமேல் போட்டேன். ஒரு ஐபி முகவரிக்கு, அதாவது பிணையத்தில் ஒரு கணினியைக் குறிக்கும் எண்ணுக்கு, டிஎன்எஸ் கேள்வி போகிறது: இந்தப் பெயருக்கு உரிய முகவரி எது? அடுத்த வரியில் 5000 மில்லிநொடி காத்திருப்பு, கடைசியில் 'டைம்அவுட்'. பிறகு அதே கேள்வி வேறொரு முகவரிக்குப் போகிறது, உடனே பதில் வருகிறது. டிஎன்எஸ் சர்வர்களின் பட்டியல் இருக்கும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பைத் திறந்தால் முதல் வரியில் உட்கார்ந்திருந்தது, நாங்கள் எப்போதோ நிறுத்திவிட்ட பழைய டிஎன்எஸ் சர்வர். லினக்ஸில் ஒரு டிஎன்எஸ் சர்வருக்காகக் காத்திருக்கும் இயல்பான கெடு ஐந்து நொடி. சர்வரின் பெயரை மாற்றியபோது பெயர்களையும் முகவரிகளையும் அந்த இயந்திரத்திலேயே குறித்துவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் புதுப்பெயரை எழுதாமல் விட்டிருந்தோம். சுடோ தன் இயந்திரத்தின் பெயரையே ஊராரிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

நுழைவதற்கு மட்டும் ஏன் பத்து? தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையவிடும் எஸ்எஸ்எச் நிரலின் அமைப்புக் கோப்பில் 'யூஸ்டிஎன்எஸ்' என்பது 'யெஸ்' ஆக இருந்தது. என் ஐபியிலிருந்து பெயரைத் தேடும், கிடைத்த பெயரிலிருந்து மறுபடி ஐபியைத் தேடிச் சரிபார்க்கும். இரண்டு தேடல், இரண்டு ஐந்து. அந்த நிரலின், அதாவது ஓபன்எஸ்எஸ்எச்சின், 2015இல் வந்த 6.8ஆம் பதிப்பிலிருந்தே இது இயல்பில் 'நோ'தான். எங்களுடையது பழைய சர்வரிலிருந்து அப்படியே நகலெடுத்த கோப்பு. நகலெடுத்தவன் நான், அதைச் சென்னைக்கு இன்னும் சொல்லவில்லை.

செத்த வரியை நீக்கி, ஹோஸ்ட்ஸில் பெயரைச் சேர்த்து, யூஸ்டிஎன்எஸ்ஸை நோ ஆக்கினேன். அரை நொடிக்குள் நுழைந்துவிட்டது.

இரவில் ஓடும் ஸ்கிரிப்ட் ஒன்று அறுபது கட்டளைக்கு அறுபது தனி இணைப்பு போடும். அதற்காக எஸ்எஸ்எச்சில் 'கன்ட்ரோல்மாஸ்டர்' என்ற அமைப்பை வைத்தேன். முதல் இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மற்றவை அதன்வழியே போகும், ஒவ்வொரு முறையும் சாவி பரிமாற்றம் நடக்காது. பத்து நிமிடம் பிடித்த வேலை சில நொடியில் முடிகிறது. ஒரு தொல்லை உண்டு. சர்வரில் உங்களைப் புதிய பயனர் குழு ஒன்றில் சேர்த்தால், திறந்தே கிடக்கும் அந்த இணைப்புக்கு அது தெரியாது. வெளியேறி மறுபடி நுழைந்தாலும் 'அனுமதி இல்லை' என்றே வரும். எஸ்எஸ்எச்சுக்கு 'ஓ எக்ஸிட்' கொடுத்து மூல இணைப்பை மூடிய பிறகுதான் புது அனுமதி கிடைக்கும். இதற்கும் அரை நாள் போயிற்று.