வீட்டு வானிலை நிலையமா? முதலில் மழைமானியை வாங்குங்கள்

வீட்டில் வானிலை நிலையம் வைக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் வெப்பநிலை உணரியில்தான் ஆரம்பிக்கிறார்கள். விலை குறைவு, இஎஸ்பி32 என்ற சின்னக் கணினிப் போர்டில் இணைத்தால் கொஞ்ச நேரத்தில் எண் வந்துவிடும். நான் மழைமானியில் ஆரம்பிக்கச் சொல்வேன். சென்னையின் வெப்பநிலை மீனம்பாக்கத்திலும் நுங்கம்பாக்கத்திலும் அளக்கிறார்கள், நம் தெருவில் அது ஒன்றிரண்டு டிகிரி மாறலாம், அவ்வளவுதான். மழை அப்படி இல்லை. ஐப்பசியில் வேளச்சேரியில் கொட்டிக்கொண்டிருக்கும்போது அடையாறில் தூறல்கூட இல்லாமல் இருக்கும். உங்கள் தெருவில் எவ்வளவு பெய்தது என்பதை நீங்கள் அளக்காவிட்டால் யாரும் அளக்கப்போவதில்லை.

கடையில் கிடைப்பது பெரும்பாலும் டிப்பிங் பக்கெட் வகை. புனல் வழியாக வரும் நீர் இரண்டு சின்னக் கிண்ணங்களில் ஒன்றை நிரப்பும், நிரம்பியதும் அது சாய்ந்து கொட்டிவிட்டு அடுத்த கிண்ணத்தை நீட்டும். ஒவ்வொரு முறை சாயும்போதும் ஒரு காந்தம் ரீட் சுவிட்சை (காந்தம் அருகில் வந்தால் மூடும் சுவிட்ச்) தாண்டிப் போகும், ஒரு துடிப்பு பதிவாகும். பல மானிகளில் ஒரு சாய்வு 0.2 அல்லது 0.28 மில்லிமீட்டர். சுவிட்ச் மூடும்போது அதிர்ந்து ஒரே சாய்வை இரண்டு மூன்றாக எண்ணவைக்கும் என்பதால், துடிப்பு வந்த பிறகு கொஞ்சம் மில்லிநொடிகளுக்கு வேறு எதையும் கணக்கில் எடுக்காதபடி நிரல் எழுத வேண்டும். இதைவிடப் பெரிய சிக்கல் அடைமழை. கிண்ணம் சாய்கிற அந்த நொடிப்பொழுதிலும் நீர் விழுந்துகொண்டே இருக்கும், அது கணக்கில் வராது, அதனால் மழை வலுக்க வலுக்க மானி குறைத்துக் காட்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்ததே, அந்த மாதிரி மழைதான் நமக்கு முக்கியம், அதில்தான் இந்த மானி தடுமாறும்.

அதனால் பக்கத்திலேயே ஒரு சாதாரண புனலும் பாட்டிலும் வையுங்கள். புனலின் வாய் விட்டம் 16 செ.மீ. இருந்தால் பரப்பு சுமார் 200 சதுர செ.மீ., அதில் 20 மில்லிலிட்டர் சேர்ந்தால் 1 மில்லிமீட்டர் மழை. தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து ஊற்றிவிடுங்கள், இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழைநாளும் அந்த நேரத்துக்குத்தான் முடிகிறது, ஒப்பிட வசதி. கனமழை நாளில் இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று தெரிந்துவிட்டால் திருத்தம் போடுவது எளிது. புனலில் வலை போடுங்கள், இலையும் காக்கை எச்சமும் அடைத்தால் மழை நின்ற பிறகும் மானி சொட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்தது ஈரப்பதம். டிஹெச்டி11 என்ற உணரி வேண்டாம். வெப்பநிலையில் 2 டிகிரி, ஈரப்பதத்தில் 5 சதவீதம் பிழை என்று அதன் தரவுத்தாளே சொல்கிறது, கடற்கரை ஊரில் விடிகாலை ஈரப்பதம் 90-ஐத் தாண்டும் நேரத்தில் அதை நம்ப முடியாது. எல்லாரும் சொல்லும் பிஎம்இ280 ஒரே சில்லில் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றையும் அளக்கும்தான், ஆனால் அடிக்கடி படித்தால் தானே கொஞ்சம் சூடாகி வெப்பநிலையைக் கூட்டிக் காட்டும். என் தேர்வு எஸ்ஹெச்டி31. ஈரப்பதத்தில் 2 சதவீதப் பிழை, உள்ளேயே சின்ன ஹீட்டர் இருப்பதால் மேலே படியும் பனியை உலர்த்திவிடலாம். கையில் காசு இருந்தால் எஸ்ஹெச்டி45 இன்னும் துல்லியம். எதுவானாலும் மேலே நீர் புகாத வடிகட்டி மூடி போட்டது வாங்குங்கள்.

அழுத்தத்துக்குப் பெரிதாகச் செலவு செய்ய வேண்டாம். வீட்டுக்குள்ளும் வெளியிலும் காற்றழுத்தம் ஒன்றுதான், ஒரு மலிவான பிஎம்பி280 போதும், அலமாரியில் வைத்தாலே வேலை செய்யும். (பிஎம்இ280 என்று சொல்லி இதையே விற்கிறவர்கள் இருக்கிறார்கள். சில்லின் அடையாள எண்ணைப் படித்துப் பாருங்கள், பதினாறடிமான எண்ணில் 60 வந்தால் பிஎம்இ, 58 வந்தால் பிஎம்பி.) இதில் எனக்குப் பிடித்த விஷயம், நம் ஊரில் அழுத்தம் தினமும் காலை பத்து மணி, இரவு பத்து மணி வாக்கில் ஏறி, விடிகாலை நாலு மணி, மாலை நாலு மணி வாக்கில் இறங்கும், சில ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு. வெப்பமண்டலத்துக்கே உரிய அந்த அலை வரைபடத்தில் அழகாகத் தெரியும். அந்த அலை கலைந்து கோடு சரிந்துகொண்டே போனால் வங்கக் கடலில் ஏதோ உருவாகிறது என்று செய்தியைப் பார்க்கலாம்.

எந்த உணரியும் எங்கே தொங்குகிறது என்பதைப் பொறுத்துத்தான். மொட்டைமாடித் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் விடும், அதை ஒட்டி வைத்தால் எஸ்ஹெச்டி45-ம் தப்பாகத்தான் சொல்லும். தோட்டம் இருந்தால் மண் தரைக்கு மேல் 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில், காற்று புகும் வெள்ளைத் தட்டு அடுக்குக்குள் வையுங்கள்.

காற்றுமானி கடைசி. முறைப்படி அது திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், என் வீட்டைச் சுற்றி அதைவிட உயரமான கட்டிடங்கள், அதனால் நான் வாங்கவில்லை. கடற்கரையோரமோ வயல்வெளியோ உள்ளவர்கள் வாங்கலாம், கப் வகையே போதும்.