வாசல்ல நின்ன கோலம்

இங்க ஷார்ஜால நம்ம ஆளுங்க போடற மலருக்கு ஏதாச்சும் எழுதுங்கன்னு கமிட்டில கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது கணக்கு கிளாஸ் இல்ல, டிராயிங் மாஷோட (எங்க பக்கம் வாத்தியாரை மாஷ்னுதான் சொல்வோம்) பீரியட்தான். கொழிஞ்சாம்பாறை பக்கம் படிச்சவங்களுக்குத் தெரியும், எங்க பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்கா பழைய கொச்சி ராஜ்யம், 1956-ல கேரளான்னு ஆச்சு, ஆனா வீட்டுல தமிழ், பஸ் போர்டுல மலையாளம். ஸ்கூல்லயும் தமிழ் டிவிஷன் தனி, மலையாளம் டிவிஷன் தனி, கபடிக்கு மட்டும்தான் ஒண்ணா சேருவோம்.

மாஷ் ரெண்டு டிவிஷனையும் கலந்து முதுகோட முதுகு ஒட்டி உக்கார வெப்பாரு. ஒருத்தன் தன் வீட்டைச் சொல்லணும், இன்னொருத்தன் வரையணும், திரும்பிப் பாக்கக் கூடாது, கை காட்டக் கூடாது. எனக்கு வாய்ச்சவன் கண்ணூர்ல இருந்து அப்பாவோட டிரான்ஸ்ஃபர்ல வந்தவன். நான் "வாசல்ல பெரிய கோலம்"னேன். "எத்தற வலுது?"ன்னான், எவ்ளோ பெருசுன்னு. "வாசல் நெறைய"ன்னேன். திரும்பிப் பாத்தா வாசலை அடைச்சிக்கிட்டு ஒரு உருவம், தலைல ஆளுயரத்துக்கு கிரீடம், உருட்டி முழிக்கிற கண்ணு! அவங்க ஊர்ல கோலம்னா தெய்யக் கோலமாம், சாமி வேஷம் கட்டி ஆடறது, அதைக் கட்டுறவர் கோலக்காரனாம். அரிசிமாவு, புள்ளின்னு சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பேன், கோலம்னா கோலந்தானேன்னு விட்டுட்டேன்.

அவன் மட்டும் என்ன, "முற்றத்துல துளசித்தற"ன்னு, அதான் துளசி மாடம், சொன்னான், நான் வீட்டுக்கு நடுவுல மழை விழற முற்றத்துல துளசியை வெச்சேன். "எடா, அது புறத்தாணு", வெளியிலடான்னு தலைல அடிச்சிக்கிட்டான், அவங்களுக்கு முற்றம்னா வீட்டுக்கு முன்னாடி இருக்கற இடம். அவன் வரைஞ்ச கோலப் படத்தை வீட்டுக்குக் கொண்டு போனா அம்மாயி கும்பிட்டுட்டு, சாமிய மிதிச்சிராதீங்கடான்னு சுவத்துல ஒட்டிட்டாங்க.

பேப்பரை மடிச்சு ஒருத்தன் தலை, ஒருத்தன் உடம்பு, ஒருத்தன் காலுன்னு வரையறதும் உண்டு, கழுத்துக் கோடு ரெண்டு மட்டும் மடிப்பைத் தாண்டி எட்டிப் பாக்கணும். அது 1925 வாக்குல பாரிஸ்ல சர்ரியலிஸ்ட் ஆளுங்க, அதான் கனவுல வர்ற மாதிரி வரையற கோஷ்டி, விளையாண்டதுன்னு ஷார்ஜா வந்தப்புறம்தான் தெரிஞ்சுது, மாஷுக்குத் தெரிஞ்சிருக்குமோ என்னமோ.

போன கெட்-டுகெதர்ல நம்ம பிள்ளைங்கள முதுகோட முதுகு உக்கார வெச்சேன். வாசல்ல கோலம்னு ஒரு பையன் சொல்ல, என் பொண்ணு லிஃப்ட் கதவை வரைஞ்சு, கோலத்தை எங்க போடறதுன்னு தெரியாம பட்டனுக்குப் பக்கத்துல ஸ்டிக்கர் மாதிரி ஒட்டி வெச்சிருந்தா.