நோட்டிலும் கவிதை, தொட்டிலிலும் கவிதை

எடின்பரோவுக்குக் குடிவந்த புதிதில் எனக்கு முதலில் கைக்கு வந்த கவிதை, காய்கறிக் கடையில் மீதிச் சில்லறையோடுதான் வந்தது. ஸ்காட்லாந்தில் மூன்று வங்கிகள் தனித்தனியே நோட்டு அடிக்கின்றன. ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தின் ஐந்து பவுண்டு நோட்டைத் திருப்பினால் இரண்டு கானாங்கெளுத்தி மீன்கள், கூடவே சோர்லி மக்லீன் கேலிக் மொழியில் எழுதிய கவிதை வரிகள். பத்து பவுண்டு நோட்டில் நீர்நாய்கள், நார்மன் மக்கேக்கின் வரிகள். இப்போது எல்லோரும் கார்டைத் தட்டிவிட்டுப் போவதால் நோட்டைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம், அது வேறு கதை.

நம் ஊர் அரசுப் பேருந்திலும்தான் குறள் எழுதியிருக்கும். ஏறிய நாள் முதல் அதைப் பார்த்துப் பார்த்து, பார்க்காமலே பழகிவிட்டோம். இங்கே புது ஆள் என்பதால் எல்லாமே கண்ணில் படுகிறது. ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் கேனன்கேட் தெருப் பக்கச் சுவரில் கவிதை வரிகளைக் கல்லில் செதுக்கிப் பதித்திருக்கிறார்கள். அதே தெருவின் ஒரு சந்துக்குள் கவிதைக்கென்றே நூலகம், 1984இல் தொடங்கியது.

ஆனால் என்னை அசத்தியது பேபி பாக்ஸ்தான். 2017 ஆகஸ்டிலிருந்து ஸ்காட்லாந்தில் பிறக்கிற எந்தக் குழந்தைக்கும் அரசாங்கம் ஒரு பெட்டி கொடுக்கிறது. மிட்வைஃப் பதிவு செய்துவிட்டால் பிரசவத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடும். உள்ளே சட்டைகள், போர்வை, தெர்மாமீட்டர், மெத்தை. அதற்கு நடுவில் ஒரு கவிதை! பிறந்த பிள்ளையை வரவேற்று ஜாக்கி கே எழுதியது. அப்போது அவர்தான் நாட்டின் அரசவைக் கவிஞர். இங்கே அந்தப் பதவிக்கு ‘மக்கார்’ என்று பெயர். அப்பா நைஜீரியர், அம்மா ஸ்காட்லாந்துக்காரர், வளர்த்தது கிளாஸ்கோவில் ஒரு தத்துக் குடும்பம். வெளியூரிலிருந்து வந்து இங்கே பிள்ளை பெறுகிறவளுக்கு, அவர் கையால் வரவேற்பு கிடைத்தது தனிச் சந்தோஷம்.

பேறுகாலம் பார்க்க வந்திருந்த அம்மாவுக்குக் கவிதை பிடித்தது, பெட்டி பிடிக்கவில்லை. அந்தப் பெட்டியிலேயே மெத்தையைப் போட்டுக் குழந்தையைத் தூங்க வைக்கலாம் என்றதும், “அட்டைப்பெட்டியிலயா பிள்ளையப் போடுவாங்க?” என்றாள். தூளி கட்ட உத்தரத்தில் கொக்கி இல்லாத வாடகை வீடு. கடைசியில் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, “அத்தை அடித்தாளோ அல்லிப்பூச் செண்டாலே” என்று இழுத்துப் பாடுவாள். பிள்ளை தூங்குகிறதோ இல்லையோ, நான் தூங்கிவிடுவேன். ஜாக்கி கேயின் கவிதையை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அம்மா சொல்லச் சொல்லத் தாலாட்டை எழுதி அதன் கீழே ஒட்டினேன்.

அப்புறம் ஜனவரி 25 வந்தது. ராபர்ட் பர்ன்ஸ் 1759இல் பிறந்த நாள். 37 வயதில் இறந்துபோன, உழவர் வீட்டுக் கவிஞர். அன்றைக்குக் கூடிச் சாப்பிட்டு அவர் கவிதைகளைச் சொல்வார்கள். அவர் இறந்து ஐந்தாண்டு கழித்து, 1801இல், நண்பர்கள் சிலர் அவர் பிறந்த வீட்டில் கூடிச் சாப்பிட்டதில் தொடங்கிய வழக்கம் இது. விழா என்றால் மேடை, மைக், பொன்னாடை, “அடுத்ததாக...” என்றே பழகியவள் நான். இங்கே சாப்பாட்டு மேசையே மேடை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கூப்பிட்டார்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம்.

தட்டில் ஹாகிஸ் வந்தது. ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலை ஓட்ஸ், வெங்காயம், கொழுப்போடு சேர்த்துக் குடலுறைக்குள் அடைத்து வேகவைத்தது. அந்த வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற பிளம்பர், கத்தியோடு எழுந்து, பர்ன்ஸ் ஹாகிஸைப் புகழ்ந்து பாடிய பாட்டை மனப்பாடமாகச் சொன்னார். அறுக்கிற வரி வந்ததும் சடக்கென்று கத்தியைக் குத்திக் கிழித்தார், ஆவி குப்பென்று எழுந்தது. ஸ்காட்ஸ் மொழியில் பாதி எனக்குப் புரியவில்லை, ஆனால் அந்த இடத்தில் எல்லோரோடும் சேர்ந்து நானும் கத்திவிட்டேன். அவர்கள் வீட்டுப் பேத்தி, ஏரில் கூடு சிதைந்த எலியிடம் பர்ன்ஸ் மன்னிப்புக் கேட்கும் கவிதையைச் சொன்னாள். பள்ளியில் ஜனவரி முழுக்க இதே பாடமாம்.

“உங்க பக்கம் ஒண்ணு” என்று என்னைப் பார்த்தார்கள். ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் மேல் இருந்த பித்தில் ‘ஷெல்லிதாசன்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்ட ஆள் எங்கள் ஊரில் உண்டு என்று அறிமுகம் சொல்லி, பாரதியின் ‘காக்கைச் சிறகினிலே’ பாடினேன். இரண்டாம் வரியிலேயே அம்மா சேர்ந்துகொண்டாள். பெரியவர் மேசையில் விரலால் தாளம் போட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மா சொன்ன விமர்சனம், கவிதையைப் பற்றியது அல்ல. “ஈரல் நல்லா வெந்திருந்துச்சு. வெங்காயத்த மட்டும் கொஞ்சம் வதக்கிப் போட்டிருக்கலாம்.”